கம்பெனி விளி, சொந்த விளி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மழைக்காலத்தில் ஒரு பொருள் நனையாமல் கிடக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத் தலையெழுத்து வேண்டும். வத்தல் மிளகாய்க்கு அது கிடையாது. மேலே இருந்து மழை, கடல் ஏறும்போது காயலிலிருந்து ரோட்டுக்கு வரும் ஏற்றத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் மூட்டை. இந்த இரண்டையும் ஏமாற்றி விருதுநகர் வத்தலை முதலாளி சேட்டின் குடோனுக்குள் கொண்டு சேர்ப்பது சங்கரலிங்கத்தின் வேலை. குடோன் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தும்மாத நாள் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு செல்போன் இருந்தது. அது அவர் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றில், உள்ளே வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனபோது, சேட்டு சொன்னார்: "லிங்கம், நீ ஒரு மொபைல் வாங்கு. உன் பேர்ல இருக்கட்டும். பில்லைக் கம்பெனி திருப்பித் தரும்." வாங்கினார். ஆனால் அந்தக் குடோனை எந்தக் காலத்தில் எவன் கட்டினானோ, ஒன்றரை முழக் கல்சுவர். உள்ளே சிக்னல் எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு தடவையும் ரோட்டுக்கு ஓடி வந்து, வத்தல் பட்ட கையால் பொத்தானை அமுக்கி, அந்தக் கையோடு காதில் வைப்பார். நாலே நாளில் பொத்தான் இடுக்கெல்லாம் மிளகாய்ப்பொடி ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் காது வெந்து சிவந்து, மனுஷன் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

குடோனுக்கு நேர் எதிரே, மாடியில் இரண்டு அறை, அதுதான் அவர்கள் வீடு. தெருப்பக்க ஜன்னல் கட்டையில் வலது மூலையில் மட்டும் மூன்று கோடு சிக்னல் வரும். அங்கே போனை வைத்து, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டை ஆணியில் தொங்கவிட்டாள். கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் லோடு வருகிறது என்று அர்த்தம். இரண்டு என்றால் சேட்டு. மூன்று என்றால் சாப்பாடு தயார். குடோனில் எத்தனை மூட்டை உருண்டாலும் அந்தச் சத்தம் சங்கரலிங்கத்துக்குக் கேட்கும். மூன்று தட்டு மற்றவர்களுக்கும் கேட்கும். அந்த நேரத்தில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களில் இரண்டு பேராவது படியேறி வந்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் பேச்சி பக்கத்துக் குடோனில் சுக்குப் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் காலை முதல் மாலை வரை குத்தவைத்து உட்கார்ந்து, மூட்டு இரண்டும் போயிருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் ஒரு நம்பரை ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், சாகிற வரை மறக்க மாட்டாள். எந்த டிரைவர் எந்த நம்பர், எந்தச் சுமட்டு யூனியன்காரன் வீட்டுப் பக்கத்தில் எந்தக் கடையில் போன் இருக்கிறது, எல்லாம் மனப்பாடம். டிரைவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். இவள் திருப்பிக் கூப்பிடுவாள். அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது தானும் ஒரு ஆள் என்று அவளுக்குப் பட்டது. அந்தச் சந்தோஷத்தை அவள் மறைத்ததும் இல்லை. மீன் வாங்கப் போனால்கூட, "சீக்கிரம் போடு, எனக்கு விளி வரும்" என்பாள். விளி என்றால் கூப்பிடுவது. அந்த ஊரில் போன் வருவதற்கும் அதுதான் பேர்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. இரண்டாயிரத்து ஐந்து கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கம்பெனிக் கணக்கர் வெங்கிடராமன் சங்கரலிங்கத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டார். எறணாகுளத்திலிருந்து தினமும் காயல் தாண்டிப் போட்டில் வருகிறவர். மடித்த குடை மாதிரியே ஒடிசலான மனுஷன்.

"சங்கரலிங்கம், ஆடிட்டர் விட மாட்டேங்கறார் கேட்டியா. உன் போன் பில்லைக் கம்பெனி திருப்பித் தரணும்னா, கம்பெனிக் காரியத்துக்குப் பேசினதுன்னு எழுத்துல ரேகை வேணுமாம். சொந்தக் காரியத்துக்குப் பேசினதுக்குத் தந்தா, அது உனக்குச் சம்பளம் தந்த மாதிரியாக்கும். சம்பளமானா வரி."

"எனக்கு வரியா சாரே?"

"நீ இப்பவே வரம்புக்குத் தொட்டடுத்து நிக்கறே. போன் காசும் சம்பளத்தில சேந்தா தாண்டிடுவே. ஒண்ணும் பயப்படாதே. ஒரு புஸ்தகம் வச்சுக்கோ. நடுவில கோடு போட்டு, இந்தப் பக்கம் கம்பெனி விளி, அந்தப் பக்கம் சொந்த விளி. ஒரு மாசம் எழுதிக் கொண்டு வா."

மகள் ஜிஷா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மலையாளம் மணிமணியாக எழுதுவாள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரி முடிவதற்குள் சாயா ஆறிவிடும். ஆகையால் நோட்டு மலையாளத்தில்தான். தாய் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்; அவள் பேச்சும் பாதி மலையாளம்தான்.

"டிரைவர் சங்கிலிப்பாண்டி விளிச்சான். லோடு ஆரியங்காவு செக்போஸ்ட் தாண்டிட்டுன்னு எழுது."

"கம்பெனிப் பக்கம் எழுதட்டே?"

"நில்லுட்டி. நான் அவன்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டேம்லா. அது கம்பெனிக்கா?"

ஜிஷா பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். "அதொக்கெ எழுதணோ அம்மா?"

"பின்ன? பொய்க் கணக்கு எழுதி நான் எங்க போயி நிக்கதுக்கு? அவன் சாப்பிட்டாச் சேட்டுக்கு என்ன, சாப்பிடலன்னாச் சேட்டுக்கு என்ன? அது என் சொந்தம். அந்தப் பக்கம் எழுது."

"ஒரு விளிய ரெண்டு பக்கமும் எழுதான் பற்றில்ல, முடியாது. ஏதெங்கிலும் ஒண்ணு சொல்லு."

பேச்சி யோசித்தாள். யோசித்து, மனச்சாட்சிக்குப் பயந்து, "அப்போ சொந்தம்னே போடு" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. அவர்கள் ஆட்களில் எவன் போனை எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்திருக்கிறான்? சாப்பிட்டியா, என்ன குழம்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, அங்க மழையா. இதெல்லாம் ஆன பிறகுதான் லாரியும் லோடும். யூனியன் ஆள் அப்புவைக் கூப்பிட்டு நாளைக்கு எட்டு மணிக்கு ஆள் வேண்டும் என்று சொன்னாள். கூடவே அவன் அம்மாவின் கண் ஆபரேஷனை விசாரித்தாள். சொந்தம். சேட்டே கூப்பிட்டார்; ஜலதோஷமாகப் பேசினார்; மிளகுக் கஷாயம் குடிக்கச் சொன்னாள். அதுவும் சொந்தம். சேட்டின் பேரைச் சொந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு முன்னால் ஜிஷா தாயை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

ஒரு மாசம் ஆனதும் வெங்கிடராமன் நோட்டைப் புரட்டினார். கம்பெனிப் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரே ஒரு விளி, அதுவும் ராங் நம்பர். யாரென்று தெரியாததால் குசலம் விசாரிக்கவில்லை.

"எந்தா இது, சங்கரலிங்கம்? 'காலையில் பழையதும் மோர்மிளகாயும் சாப்பிட்டதாகச் சொன்னான்.' இதை நான் ஆடிட்டர்கிட்ட எப்படிக் காட்டுவேன்? அவர் கண்ணால பாத்தா மொத்த பில்லும் உன் சம்பளம்தான்."

"அவ உள்ளதத்தான் சாரே எழுதியிருக்கா."

"உள்ளதை எழுதினதுதான் கொழப்பம். சேட்டுகிட்டயும் சொல்லியாச்சு. பத்து நாள் தரேன். கம்பெனி விஷயம் மட்டும் பேசச் சொல்லு. சாப்பிட்டியா பூட்டியா ஒண்ணும் வேண்டாம். அதுவும் செரியாகலைன்னா ஒண்ணாம் தேதி போனை ஆபீஸ்ல விபின் கையில கொடுத்துடு. அவன் பாத்துப்பான்."

விபின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன். நல்ல பிள்ளைதான். ஆனால் வத்தல் லாரியை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் சங்கரலிங்கம் வந்து விஷயத்தைச் சொன்னபோது பேச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அழுவதற்கு அது தோதாக இருந்தது.

"வரி போனாப் போவுது," என்றாள். "போன எதுக்கு எடுக்காவ? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒரு தப்பும் இல்லட்டி."

"நான் மறுபடியும் சுக்குப் பொறுக்கப் போவணும், அப்படித்தான?"

சங்கரலிங்கம் தும்மினார்.

"செரி. பத்து நாளுதான? வாயக் கட்டிக்கிடுதேன்," என்று பேச்சி மூக்கைத் துடைத்தாள். "இந்தப் பேச்சி பேச மாட்டான்னு வச்சுக்கிடுங்க."

மறுநாள் காலை முதல் விளி சங்கிலிப்பாண்டி. தென்காசிக்காரன், உறவுக்கு உறவு, பேச்சிக்கு ஒருவிதத்தில் கொழுந்தன் முறை.

"பாண்டி. எங்க நிக்க?"

"புனலூர், மதினி."

"எத்தன மூட்ட?"

"நூத்திருவது."

"செரி." வைத்துவிட்டாள். ஜிஷா சந்தோஷமாகக் கம்பெனிப் பக்கத்தில் எழுதினாள்.

இரண்டு நிமிஷத்தில் மிஸ்டு கால். பேச்சி கூப்பிட்டாள்.

"மதினி, வீட்டுல ஏதும் விசேஷமா? அண்ணனுக்கு மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. வை."

ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் மிஸ்டு கால். "மதினி, எம்மேல எதும் கோவமா? போன தடவ மாம்பழம் கொண்டாரதாச் சொல்லி மறந்துட்டேன், அதுக்கா?" அடுத்தது தென்காசியிலிருந்து அவன் பெண்டாட்டி: மதினி முகம் கொடுத்துப் பேசவில்லையாம், என்ன ஆச்சு? அதற்கடுத்தது அப்பு. அம்மாவின் கண்ணைப் பற்றி விசாரிக்காததால் யூனியன்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்து, சமாதானம் பேச இரண்டு சுமட்டுக்காரர்களோடு படியேறி நேரிலேயே வந்துவிட்டான். அவர்களுக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

மூன்றே நாளில் நோட்டில் ஒன்பது பக்கம் நிரம்பியிருந்தது. முன்பெல்லாம் ஒரு வாரத்துக்கே அவ்வளவு வராது. நாலாம் நாள் காலையில் நோட்டைப் பார்த்த வெங்கிடராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்து, சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

"வா. உன் வீட்டு ஜன்னலை நான் ஒண்ணு பாக்கணும்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவரைப் பார்த்ததும் பேச்சி ஜன்னல் கட்டையை மறைத்துக்கொண்டு நின்றாள். போனை வாங்கிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். ஆனாலும் வந்த மனுஷனைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? அடுப்பில் கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வெந்துகொண்டிருந்தது.

"சாரே, கப்பையும் தொட்டுக்கிடப் பச்சமிளகாச் சம்மந்தியும் இருக்கு. எடுக்கட்டா?"

வெங்கிடராமன் அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "மீன் சட்டியில்லையே?"

"கப்பைக்குத் தனிச் சட்டி, சாரே. மத்திக் கறிக்கு வேற."

"அப்போ கொஞ்சமா." கொஞ்சமாக என்றவர் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். சங்கரலிங்கம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அப்போது போன் ஒரு தடவை அடித்து நின்றது. பேச்சி வெங்கிடராமனைப் பார்த்தாள்.

"பேசு," என்றார். "நான் இல்லைன்னு நெனச்சுக்கோ. எப்பவும் பேசற மாதிரி பேசு."

பாண்டி அடுத்த லோடு, அதுவும் நூற்றிருபது மூட்டை, ஏற்றி வந்துகொண்டிருந்தான்; பேச்சி அவன் நம்பரை அமுக்கினாள். மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்த வாய்.

"பாண்டி, சாப்பிட்டியாப்பா?"

அந்தப் பக்கம் அவன் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. "அப்பாடா. கேட்டுட்டீங்களா மதினி. எங்க சாப்பிட? நேத்து ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

"ஏம்ல, வழியில கடையா இல்ல?"

"நிறுத்த முடியாது மதினி. தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்கு, பின்பக்கம் ஒரு முழம். ஓடிக்கிட்டே இருந்தாக் காத்துல தண்ணி தெறிச்சுப் போயிரும். நின்னா மூட்டைக்குள்ள எறங்கிரும்."

"இத மொதல்லயே சொல்ல வேண்டாமால?"

"நேத்து லோடு ஏத்தினப்ப நீங்கதான் எங்க நிக்க, எத்தன மூட்டன்னு கேட்டுட்டு வச்சிட்டீங்களே. பயந்துட்டேன்."

பேச்சி போனைக் கட்டையில் வைத்துவிட்டுப் போய், பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் தோடு, காயலில் சேரும் ஓடை. அதில் இறங்கக் கல்படி.

"மூணாம் படி முங்கிட்டு. அர மணிக்கூர்ல பஜார் ரோட்டுல முட்டுத் தண்ணி நிக்கும். நீ இங்க வராத. இப்ப எங்க, அரூர் தாண்டிட்டியா? செரி, இடக்கொச்சியில கற்பகம் வீடு தெரியும்லா, உங்க அண்ணனோட தங்கச்சி. அவ வீட்டுப் பக்கத்து ஐஸ் கம்பெனியில பெரிய கூரை இருக்கு. லாரிய அதுக்குக் கீழ விடு. அவகிட்ட நான் சொல்லுதேன், சோறு போடுவா. நல்ல தார்ப்பாய் ஒண்ணும் அங்க இருக்கு. ரெண்டரைக்குத் தண்ணி எறங்கும். அப்ப வா. சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசருல."

வைத்தாள். கற்பகத்துக்குப் பேசினாள், அவள் பிள்ளையின் இருமலையும் விசாரித்தாள். அப்புவுக்குப் பேசி, ஆட்களை இரண்டரைக்கு வரச் சொன்னாள். அவன் அம்மாவுக்குக் கண்கட்டு அவிழ்த்தாயிற்றா என்று கேட்டாள். கடைசியில் கரண்டியை எடுத்துத் தட்டில் ஒரு தட்டு தட்டினாள். எதிரே குடோனில் இருந்த ஆட்கள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

வெங்கிடராமன் கையில் கப்பை ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சொன்ன மாதிரியே ரோட்டோரச் சாக்கடை வழியாகத் தண்ணீர் ரோட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய செருப்பு ஒன்று அவர் கண்ணெதிரே மிதந்து போயிற்று.

"நூத்திருபது மூட்டை," என்றார் மெதுவாக. "சாப்பிட்டியான்னு கேட்டதில அல்லவா தார்ப்பாய் கிழிஞ்சது தெரிஞ்சது."

"அது எப்பவும் அப்படித்தான் சாரே," என்றாள் பேச்சி. "லோடு எப்படின்னு கேட்டா எவனும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். சாப்பிட்டியான்னு கேட்டாத்தான் உள்ளது வரும்."

"சங்கரலிங்கம், நீ இந்தப் போன்ல பேசறதே இல்லையா?"

"ரெண்டு வருசமாச்சு சாரே. காது எரியும்."

வெங்கிடராமன் தட்டைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. "அப்போ சிக்கல் பெரிசாச்சே. பில்லு சங்கரலிங்கத்தோட பேர்ல. அவன் தொழிலாளி, அவன் கம்பெனிக்காகப் பேசினான்னுதான் காசு திருப்பித் தரோம். பேசினது அவனில்லை. கம்பெனியில பேரே இல்லாத ஒரு ஆள். சொந்த விளியா கம்பெனி விளியாங்கற கேள்விக்கே எடமில்லை. இப்போ நான் எந்தக் கணக்கில எழுதுவேன்?"

அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. சங்கரலிங்கம் தலையைத் தொங்கப் போட்டார். ஜிஷா நோட்டை மூடினாள்.

பேச்சி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவளுக்குள் இருந்தது, தனக்கே தெரியாமல் இருந்தது, அப்போது வாய்க்கு வந்தது.

"பேரு இல்லன்னா எழுதிக்கிடுங்க சாரே."

"எந்தா?"

"கம்பெனியில ஆளில்லன்னுதான சொல்லுதீங்க. என்ன ஆளாக்கிருங்க. வேல ரெண்டு வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கேன். பேரு எழுதாததுதான் பாக்கி. பேச்சியம்மாள். எழுத்து நான் சொல்லுதேன்."

சங்கரலிங்கம் பெண்டாட்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வெங்கிடராமன் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உடம்பெல்லாம் குலுங்க, புரையேறி, பேச்சி தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வரை சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"இத்தனை வருஷமா புஸ்தகம் பொரட்டறேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது எனக்குத் தோணலையே."

இரண்டரை மணிக்கு லாரி வந்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. பாண்டி கற்பகம் வீட்டு மீன்குழம்பின் வாசத்தோடு இறங்கி, ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டான்.

சேட்டு என்ன சொல்வாரோ என்று நாலு நாள் பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வெங்கிடராமன் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"சேட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். காயல் ஏறற நேரம் அவளுக்கு எப்படித் தெரியும்னு. மூணாம் படின்னேன். அப்போ அந்தப் படிக்கும் சேத்துச் சம்பளம் போடுன்னுட்டார்."

போன் பேச்சியின் பேருக்கு மாறியது. வேலை: லோடு விவரம், தொலைபேசி வழி. சுக்குப் பொறுக்கிய கூலியைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே சம்பளம். காகிதம் மலையாளத்தில் இருந்தது. ஜிஷா படித்துச் சொன்னாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேச்சி, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, ஏழு எழுத்தையும் தமிழில் ஒவ்வொன்றாக எழுதி முடித்தாள். ஜிஷா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தாயைக் கட்டிக்கொண்டாள். சங்கரலிங்கம் தும்மினார். அன்றைக்கு வத்தல் லோடு எதுவும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒண்ணாம் தேதி காலை. பேச்சி புதுச் சேலை கட்டி ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். புது நோட்டு, நடுவில் கோடு. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஜிஷா பேனாவோடு தயார். பன்னிரண்டே கால் மணிக்கு முதல் விளி.

"ஹலோ. பேச்சியம்மாதானே? வெங்கிடராமனாக்கும்."

"சொல்லுங்க சாரே. சாப்பிட்டீங்களா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜிஷா பேனாவைத் தூக்கிக் கண்ணாலேயே கேட்டாள், எந்தப் பக்கம் என்று. பேச்சிக்குக் குழப்பமாகிவிட்டது. இப்போது கம்பெனி ஆள். தப்பு நடக்கக் கூடாது.

"சாரே, இத எந்தப் பக்கம் எழுதட்டும்? கம்பெனியா, சொந்தமா?"

அந்தப் பக்கத்தில் வெங்கிடராமன் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆடிட்டர் இங்கேதான் என் பக்கத்தில உக்காந்திருக்கார். காலம்பறயிலேர்ந்து உன் பழைய நோட்டைப் படிச்சிண்டிருக்கார். கீழே வைக்க மாட்டேங்கறார்."

"என்ன சொல்லுதாரு சாரே?"

"பழையதும் மோர்மிளகாயும் படிச்சுப் படிச்சுப் பசிக்கறதாம். அவர் இன்னும் சாப்பிடலை. நானும்தான்."

பேச்சி அடுப்பைப் பார்த்தாள். கப்பை பதமாக வெந்திருந்தது.

"கம்பெனின்னு எழுதுட்டி," என்று மகளிடம் சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்துத் தட்டில் மூன்று தட்டு தட்டினாள்.